குழந்தை வீட்டுக்கு ஒரு பை மண்

உள்ளே வாருங்கள் மேடம். லிஃப்ட் இல்லாத நாலு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள், முதலில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். நேர் மேலே தூளிக் கொக்கி இருக்கிறது, அதற்குக் கீழே நான் யாரையும் உட்கார வைப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பையையும் கீழே வைத்துவிடுங்கள். ஆபீஸ் ஃபைல் இவ்வளவு கனக்குமா? பாவம், உங்களுக்கும் வேலைதான்.

காபி ஃபிளாஸ்கில் இருக்கிறது. இன்ஸ்பெக்சனுக்கு நீங்கள் பத்து மணிக்கு வருவீர்கள் என்று செகரட்டரி சார் சொன்னார், ஒன்பதரைக்கே போட்டுவிட்டேன். குழந்தையை வைத்துக்கொண்டு நான் அடுப்புப் பக்கம் போவதில்லை. சர்க்கரை போட்டுவிட்டேன், குடித்துவிடுங்கள்.

இவளா? ஆதினி. பத்து மாதம். கை நீட்டுகிறீர்கள், அவளும் தாவுகிறாள், ஆனால் தப்பாக நினைக்காதீர்கள், நான் யாரிடமும் கொடுப்பதில்லை. என் மாமியாரிடமே உட்கார்ந்த நிலையில்தான் கொடுப்பேன், அதுவும் கீழே பாய் விரித்துவிட்டு. நான் கொஞ்சம் பயந்த சுபாவம். கொஞ்சம் என்ன, நிறையத்தான். ஸ்கூலில் சிஸ்டர் ஃபிலோமினா என்னை ‘முயல்’ என்றுதான் கூப்பிடுவார்.

மொட்டை மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. போகலாம், ஓடிப்போய்விடாது. தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதில் மண் எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் பாட்டுக்கு மேலே போய், ‘ஐயோ இவ்வளவு மண்ணா, எல்லாவற்றையும் அள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டால் இந்தப் பிளாக்கில் இருபத்துநாலு வீடும் அழும். அப்புறம் உங்கள் இஷ்டம்.

வீட்டைப் பார்த்தீர்கள் இல்லையா, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுதும் தெரியும். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய சமையலறை. பால்கனி என்று ஒன்று உண்டு. அதில் வாஷிங் மெஷின் நிற்கிறது, மெஷினுக்கு மேல் காலி சிலிண்டர், சிலிண்டருக்கு மேல் இவளுடைய குளியல் தொட்டி. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் வீட்டுக்காரர் பிரபாகருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வரும்போது படியில் ஏறி வருவார்.

இவளுக்கு ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்ட ஆரம்பித்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. டாக்டர், கீரை மசித்துக் கொடுங்கள் என்றார். கீரைக்கு என்னென்ன மருந்து அடிக்கிறார்கள் என்று யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். நான் கீரையை மூன்று தண்ணீரில் அலசினேன். அப்புறம் ஐந்து. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர். பிரபா பார்த்துவிட்டு, “சுபா, இனிமே அது கீரை இல்ல, துணி” என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, இவளுக்கு ஊட்டாமலே கொட்டிவிட்டேன். ஒரு கைப்பிடி கீரை, நம் கண் எதிரே முளைத்தது, அது போதும் என்று தோன்றியது. பெரிய தோட்டமெல்லாம் நான் கேட்கவில்லை. இவள் வாய்க்குள் போவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

ஜன்னல் கம்பியில் இரண்டு தொட்டி தொங்கவிட்டேன். மாட்டின அன்றே, அது அறுந்து கீழே போகிறவர் தலையில் விழுகிற மாதிரி ஒரு நினைப்பு. கீழே எட்டிப் பார்க்கிறேன், வாட்ச்மேன் பொன்னுரங்கம் அண்ணன் சரியாக அந்த இடத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இறக்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்தத் தொட்டி ஞாபகம் வந்தது. மாடியில் நடுவில் ஒரு பழைய சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி உண்டு. கறுப்பு பிளாஸ்டிக் டாங்குகள் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. உள்ளே உடைந்த டியூப்லைட், காற்றாடி நூல், யாரோ போட்ட ஒற்றைச் செருப்பு. இடுப்பளவு உயரம். நல்ல வெயில். முக்கியமாக, அது எங்கேயும் விழாது.

செகரட்டரி மாணிக்கம் சாருக்குக் கடிதம் எழுதினேன். முதல் மாடியில்தான் இருக்கிறார், போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு நேரில் பேச வராது, தொண்டை அடைத்துவிடும். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம், தண்ணீர் குடிக்கக்கூட எழுதித்தான் கேட்டிருக்கிறோம். இடது பக்கம் பென்சிலில் மார்ஜின், வலது மூலையில் தேதி, பொருள் என்று எழுதி அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. கடைசியில் சுயவிலாசம் எழுதி, தபால்தலை ஒட்டின உறை ஒன்று. “பதில் கேட்டு எழுதிட்டு உறை வைக்காம விடறது, விருந்துக்குக் கூப்பிட்டுட்டு இலை போடாம விடற மாதிரி” என்பார் சிஸ்டர். பிரபாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “முதல் மாடிக்காரருக்கு எதுக்கு ஸ்டாம்ப்?”

மாணிக்கம் சார் மேலேயே வந்துவிட்டார். “ஏம்மா, இது என்ன கோர்ட் நோட்டீஸ் மாதிரி அனுப்பியிருக்க. எனக்கு பிரஷர் ஏறிடுச்சு.” தொட்டியில் செடி வைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. “ஆனா மண்ணை யாரு தூக்குவா? நாலு மாடி. கூலிக்காரன்கூட வர மாட்டான். நீயா தூக்கினா வச்சுக்கோ, தாயே.” சொல்லிவிட்டு சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நான் தூக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்மூட்டையை எதில் வைப்பேன்?

அடுத்த நாள் அரக்கோணத்திலிருந்து பிரபாவின் அத்தை போன் செய்தார்கள். குழந்தை பார்க்க வருகிறேன், என்ன வாங்கி வர என்று. மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லையா? அப்போது உங்களுக்குத் தெரியாது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். இவளுக்கு அப்போதே இருபத்தேழு கவுன், ஒன்பது பவுடர் டப்பா, போட்டுக்கொள்ளாமலே சின்னதாகிப்போன சொக்காய் ஒரு மூட்டை. வைக்க இடம் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தேன். அத்தை கேட்டதும் எனக்கு எப்படி வாயில் வந்ததோ தெரியாது. “அத்தை, ஒரு பை மண் கொண்டு வாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் அத்தை குரலைத் தாழ்த்தி, “புரிஞ்சிதுடி. நான் பாத்துக்கறேன்” என்றார்கள்.

என்ன புரிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. முச்சந்தி மண்ணை ஒரு பிடி எடுத்து, கடுகு, காய்ந்த மிளகாய், உப்போடு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக இவளை மூன்று சுற்று சுற்றி, “எவ கண்ணு பட்டுச்சோ, யாரு வந்து பாத்தா, பேரைச் சொல்லு” என்றார்கள். நான், “திருஷ்டிக்கு இல்ல அத்தை, செடிக்கு” என்று சொல்லி முடிப்பதற்குள் மிளகாயை அடுப்பில் போட்டு, வீடே இருமி, ரூமில் தூங்கிக்கொண்டிருந்த பிரபா எழுந்து ஓடி வந்து... சரி, அது தனிக் கதை. திருஷ்டி சுற்றின மண்ணை நான் தொட்டியில் போடவில்லை, அதை அத்தையே கொண்டுபோய் வெளியே எறிந்துவிட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் மாமாவை அனுப்பினார்கள். அவர் தோளில் ஒரு அரிசிப் பை. நிறையச் செம்மண். “இதுக்கு மேல கண்ணு கிண்ணு எதுவும் இல்லியே?” என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். யார் போன் செய்தாலும் ஒரு பை மண். அவரவர் பையை அவரவரே மாடி வரை தூக்கி வந்து தொட்டியில் கொட்ட வேண்டும், அப்புறம்தான் குழந்தையைப் பார்க்கலாம். நான் கண்டிப்பாகவெல்லாம் சொல்லவில்லை, எனக்கு அப்படிச் சொல்ல வராது. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பேன், பின்னாலேயே வந்துவிடுவார்கள். மூன்றாவது மாடி ராபியா அக்காவின் தம்பி நாற்றுப்பண்ணையிலிருந்து எருக் கலந்த மண் கொண்டுவந்தார். பிரபாவின் கம்பெனிப் பையன்கள் கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து அள்ளி வந்தார்கள், அதைச் சலித்ததில் பாதி ஜல்லி. என்னோடு படித்த எமல்டா இப்போது சிஸ்டராகிவிட்டாள். அவள் எங்கள் பழைய ஸ்கூல் ரோஜாப் பாத்தி மண்ணை அங்கியில் ஒட்டாமல் பஸ்ஸில் கொண்டுவந்தாள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டாராம்.

பொன்னுரங்கம் அண்ணன் வேறு கேட்டிலேயே நிறுத்திவிடுவார். “நாலாவது மாடியா? கொயந்த வூடா? மண்ணு எங்க?” ஒருநாள் கூரியர்காரரையே நிறுத்திவிட்டார்.

தொட்டி பாதிகூட நிறையவில்லை, அதற்குள் முளைக்க ஆரம்பித்துவிட்டது. நான் விதைத்தது சிறுகீரை ஒன்றுதான். வந்ததோ என்னென்னவோ. ஒவ்வொரு பையும் தன் ஊரிலிருந்து எதையோ ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறது. தக்காளி, மிளகாய், தும்பை, குப்பைமேனி, நடுவில் ஒரு பப்பாளி. எது களை எது செடி என்று எனக்குத் தெரியாது. பிடுங்கப் பயம், நல்லதைப் பிடுங்கிவிட்டால்? எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எதிர் வீட்டு சேவியர் சார்தான் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்தினவர், ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். காலையில் பனியனோடு வந்து தண்ணீர் ஊற்றுவார். “இது மணத்தக்காளி, இது சும்மா வந்தவன், ஆனா இருக்கட்டும்” என்பார்.

அப்புறம் யார் நிறுத்த முடியும்? ராபியா அக்கா புதினாக் குச்சி நட்டார். மாணிக்கம் சார் மனைவி வெந்தயம் தூவினார். மாலையில் மாடிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கும். நாலுக்கு நாலடித் தொட்டி மேடம், அதைச் சுற்றி இருபது பேர். இவள் முதல்முதலில் தின்ற கீரை அதில் பறித்ததுதான். ஒரே ஒரு தண்ணீரில்தான் அலசினேன். அன்றைக்கு நான் தூங்கின தூக்கம், குழந்தை பிறந்த பிறகு தூங்கினதே இல்லை.

இன்னொரு வாய் காபி ஊற்றட்டுமா? மேலே பார்க்கிறீர்கள். ஆமாம், அதுதான். நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம். இவள் தூளியில் தூங்குகிறாள். பொத்தென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் அளவு, தூளிக்குள் இவள் காலடியில் விழுந்திருக்கிறது. இவள் எழுந்திருக்கக்கூட இல்லை. மேலே பார்க்கிறேன். அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். தொட்டி. எழுபத்துமூன்று பை மண். ஒவ்வொரு பையையும் நான்தான் கேட்டேன். ஊர் ஊராகச் சொல்லி, ஆள் ஆளாக நிற்க வைத்து, என் குழந்தை தலைக்கு மேலே நானே ஏற்றி வைத்திருக்கிறேன்.

பிரபாவிடம் சொன்னேன். “மழை ஈரம்மா, முப்பது வருஷக் கட்டடம், பொருக்கு விழாம வைரமா விழும்?” என்றார். தூளியை அந்தக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டேன். அதைக் கட்ட வேறு கொக்கி இல்லை, அன்றிலிருந்து இவள் என் இடுப்பில்தான். தொட்டியைக் காலி செய்யலாம் என்று யாரிடம் சொல்வேன்? நாலு மாடி மூச்சு வாங்கத் தூக்கி வந்தவர்களிடம், திரும்பத் தூக்கிப் போங்கள் என்றா? சேவியர் சார் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அப்போதுதான் உங்கள் ஆபீசுக்கு அந்த மனு வந்தது. மொட்டை மாடியில் அளவுக்கு மீறி மண் சேர்ந்திருக்கிறது, கீழே ஒரு பச்சிளங்குழந்தை இருக்கிறது, தயவுசெய்து வந்து பாருங்கள் என்று. பெயர் போடாமல். ‘ஒரு குழந்தையின் நலம் நாடும் ஒருவர்’ என்று மட்டும். அதை எழுதினவரை மோசமானவர் என்று நினைத்துவிடாதீர்கள் மேடம். பயத்தில் எழுதியிருப்பார்கள், பாவம். கையெழுத்து நன்றாக இருந்திருக்குமே?

உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்ததும் பிளாக்கே பொங்கிவிட்டது. எவன் எழுதினான்? மாணிக்கம் சார் கூட்டம் போட்டார். ராபியா அக்கா, “பொடவை கட்டினவளா இருந்தாலும் சரி, வேட்டி கட்டினவனா இருந்தாலும் சரி, பொதினா கேட்டு என் வாசப்படி ஏறட்டும், பாத்துக்கறேன்” என்றார். கடைசியில் எல்லாரும் சேவியர் சாரைப் பார்த்தார்கள். ஏன் என்றால், முதல் மண் வந்த அன்றைக்கு அவர்தான், “மாடி தாங்குமாம்மா?” என்று கேட்டார். அது போதாதா. மனுவில் பொருள் போட்டு, கோடு போட்டு எழுதியிருக்கிறதாம், இந்தப் பிளாக்கில் வேறு யாருக்கு அப்படி எழுத வரும் என்றார் மாணிக்கம் சார். எனக்கு வந்த சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாக விழுங்கினேன். அவரே என் கடிதத்தை வாங்கிப் படித்தவர் மேடம். மறந்தே போய்விட்டார்.

சேவியர் சார் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து மாடிக்கு வருவதில்லை. நான் தினமும் ஒரு கட்டுக் கீரை அவர் கதவில் மாட்டிவிட்டு வருகிறேன். நேற்று கதவைத் திறந்துவிட்டார். “சுபாஷிணி, நான் ஒரு ஆளு. வாரத்துல ஏழு நாளும் கீரை தின்னா நான் என்ன ஆவேன்? எதுக்கும்மா இது?” என்றார். நான், “இரும்புச் சத்து சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

மேடம், நான் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கூலில் ஒருமுறை கிறிஸ்தவப் பெண்களோடு வரிசையில் நின்று நானும் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன். ஃபாதர், “உனக்குக் கிடையாதும்மா, கிளாசுக்குப் போ” என்று அனுப்பிவிட்டார். அப்போது சொல்லாமல் விட்டதெல்லாம் சேர்ந்து இப்போது வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனுவை எழுதினது நான்தான்.

என்ன, உங்களுக்கு ஆச்சரியமாக இல்லையா? காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிளாக்கில் ஒருத்தருக்கும் தெரியாது மேடம். பிரபாவுக்குக்கூட. இவள் தூங்கின நேரத்தில் எழுதி, காய்கறி வாங்கப் போகிற மாதிரிப் போய்த் தபாலில் போட்டேன். கண்டுபிடிக்க வழியே இல்லை. பெயர் இல்லை, கையொப்பம் இல்லை... என்ன, ஃபைலைத் திறக்கிறீர்கள்? அது என்ன உறை?

...ஐயோ.

என் எழுத்துதான். என் பெயர்தான். கதவு எண், பிளாக், பின்கோடு, தபால்தலை. பெயர் போடாத மனுவுக்குள் சுயவிலாசம் எழுதின உறையை வைத்துப் பின் குத்தி அனுப்பியிருக்கிறேன். சிஸ்டர் ஃபிலோமினா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். நீங்கள் சிரியுங்கள் மேடம், நன்றாகச் சிரியுங்கள். அப்போது இவ்வளவு நேரமும் தெரிந்துகொண்டேவா உட்கார்ந்திருந்தீர்கள்? இரண்டு காபி வேறு.

சரி. பதில் கேட்டுத்தானே உறை வைத்தேன். பதில் சொல்லுங்கள். மண் இருக்கட்டுமா, போகட்டுமா? போகட்டும் என்றால் நானே அள்ளுகிறேன், இந்தத் தடவை யாரையும் கேட்க மாட்டேன்.

என்ன கேட்கிறீர்கள்? தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்குமா? ஆயிரத்து ஐந்நூறு லிட்டர், வெளியே பெயின்டில் எழுதியே இருக்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஏழாம் வகுப்புப் பாடம். அப்போது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. மண், பைக்கு எட்டு கிலோ என்று வைத்தால், எழுபத்துமூன்று எட்டு... ஐந்நூற்று எண்பத்துநாலு. ஈரத்தோடு சேர்த்தாலும்...

மேடம், இது பாதிகூட இல்லையே.

இருபது வருஷமாக அந்தத் தொட்டி நிறையத் தண்ணீரை இந்தக் கூரை தாங்கியிருக்கிறது. அதற்குக் கீழே எத்தனை குழந்தைகள் தூளியில் தூங்கியிருக்கும். நான் ஏற்றினதை மட்டும் எண்ணினேன், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று நினைக்கவே இல்லை. பொருக்கு? அந்த மூலையில் இறங்குகிற மழைத் தண்ணீர்க் குழாயா? அந்த ஈரம்தானா? பிரபா அதையேதான் சொன்னார். அவரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், நானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். குழாய்க்கு ஆள் அனுப்புகிறீர்களா? எழுதித் தரட்டுமா? சரி, சரி, எழுதவில்லை.

ஆனால் உங்கள் பதிலை இந்த உறையில் போட்டு எனக்கு அனுப்ப வேண்டாம். கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மனு எழுதினவர் பெயரையும் போட்டு. ஆமாம், சுபாஷிணி, நாலாவது மாடி என்றே போடுங்கள். ராபியா அக்கா ஒரு வாரம் புதினா தர மாட்டார், மாணிக்கம் சாருக்குப் பிரஷர் ஏறும். ஏறட்டும். மேலே பார்த்துவிட்டு இறங்கும்போது முதலில் சேவியர் சார் கதவைத் தட்டுவோம். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், எனக்குத் தொண்டை அடைத்தால் அந்த உறையைக் காட்டிவிடுங்கள். அவர் சிரித்துவிடுவார்.

வாருங்கள், போகலாம். உங்கள் பையை இங்கேயே வைத்துவிட்டு... என்ன, அதையும் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

யார் கொடுத்தது, பொன்னுரங்கம் அண்ணனா? கேட்டிலேயே நிறுத்தினாரா? “இன்ஸ்பெக்சனா இருந்தா இன்னா மேடம், கொயந்த வூட்டுக்கு வெறுங்கையோட போவாதீங்க” என்றாரா? நீங்களும் வாங்கிக்கொண்டு, அவ்வளவு படியும் ஏறி, ஆபீஸ் ஃபைல் மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா?

எழுபத்துநாலு.

மேலே படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியும் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் தூக்க முடியாது. பையை இப்படிக் கொடுங்கள், மண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் இவளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.